கொள்ளுத்தாத்தாக்களின் ஆயுட்காலம்: ஒரு மீளாய்வு

எந்தத் தமிழ்க் குடும்பத்தின் வம்சாவளியைத் தோண்டினாலும் மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறையில் ஒரு நெடுவயதுக்காரர் கிடைத்துவிடுகிறார். அவர் ஆண். வயது நூறுக்குக் குறையாது. சாகும்வரை ஒரு பல் விழுந்ததில்லை, கண்ணாடி போட்டதில்லை, ஊசி குத்திக்கொண்டதில்லை. இறந்த அன்று காலையிலும் வயலுக்குப் போய் மடை திருப்பிவிட்டு வந்து, திண்ணையில் சாய்ந்து, எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். இவர் கிடைக்காத குடும்பம் இன்னும் சரியாகத் தோண்டவில்லை என்றே கொள்ளவேண்டும். இத்தனை பரவலான ஒரு நிகழ்வைத் தமிழாய்வுலகம் தக்கவாறு கவனிக்காதது வியப்புக்குரியது. சங்க இலக்கியத்தில் பூத்த பூவுக்கெல்லாம் ஆய்வேடு உண்டு, கொள்ளுத்தாத்தாவுக்கு இல்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது. கொள்ளுத்தாத்தாவின் ஆயுள் அவர் உயிரோடிருந்த காலத்தைப் பொறுத்ததன்று; அவரைப் பற்றிய தாள் எத்தனை குறைவு, அவர் செத்து எத்தனை காலமாயிற்று என்னும் இரண்டையுமே பொறுத்தது என்பது நம் துணிபு. கொள்ளுத்தாத்தா என்று ஈண்டுச் சொல்வது பூட்டன், பாட்டையா, பெரியய்யா, வெறுமனே ‘பெரியவர்’ ஆகிய அனைவரையும் தழுவும். ஓட்டன் எனப்படும் அடுத்த படியினர் தனிக் கட்டுரைக்குரியர். அவர்களுடைய வயதைத் தாங்கும் வலு இந்தக் கட்டுரைக்கு இல்லை.

முதலில் உலக நிலவரத்தைச் சொல்லிவிடுவோம். ஆவணங்களால் உறுதிப்பட்டவர்களுள் 120 வயதைத் தாண்டியவர் இதுவரை ஒரே ஒருவர்: பிரான்சின் ஆர்ல் நகரத்து ழான் கல்மான். 1875 பிப்ரவரி 21-இல் பிறந்து 1997 ஆகஸ்ட் 4-இல் இறந்தார். 122 ஆண்டு, 164 நாள். இவருக்குப் பிறப்புப் பதிவு உண்டு, திருமணப் பதிவு உண்டு, அடுத்தடுத்த மக்கள்தொகைக் கணக்குகளில் பெயர் உண்டு. அப்படியிருந்தும் 2018-இல் ரஷ்யர் ஒருவர், 1934-இல் இறந்தது தாய்தான், மகளே தாயின் பெயரில் மீதிக் காலத்தை வாழ்ந்தார் என்று கிளப்பிவிட்டார். பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. ஆயினும் அந்த அம்மையார் இறந்து இருபது ஆண்டுக்குப் பின் அவருடைய காதுமடலையும் கையெழுத்தையும் வைத்து வழக்காட வேண்டியதாயிற்று. நம் கொள்ளுத்தாத்தாவுக்கு இந்த அவதி கிடையாது. பிறப்புப் பதிவு இல்லை, இறப்புப் பதிவு இல்லை, புகைப்படம் ஒன்று இருந்தது, அதுவும் வெள்ளத்தில் போயிற்று. ஆவணம் உள்ளவரைத்தான் சந்தேகிக்க முடியும். இல்லாதவரை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

இனிச் சான்றுகள். நம்மிடம் இருப்பவற்றுள் தலையாயது ஜாதகம். பழைய ஜாதக ஓலையைப் போல நேரத்தைப் பிடித்துவைக்கும் ஆவணம் வேறில்லை: உதயாதி நாழிகை இத்தனை, விநாடி இத்தனை என்று குறித்திருக்கும். ஒரு நாழிகை 24 நிமிடம்; ஒரு விநாடி இன்றைய கடிகாரக் கணக்கில் 24 நொடி. ஆக, கொள்ளுத்தாத்தா பிறந்த நேரம் 24 நொடி வரை துல்லியம். எந்த ஆண்டு என்பதில் மட்டும் 60 ஆண்டு வரை முன்பின் ஆகலாம். என்னை? எனின், ஆண்டுக்குப் பெயர்தான் உண்டு, எண் கிடையாது. பெயர்கள் பிரபவ முதல் அட்சய வரை அறுபது. அறுபதும் முடிந்தால் மறுபடி பிரபவ. ‘தாது வருஷம் பிறந்தவர்’ என்றால் அது 1816, 1876, 1936 ஆகிய எதுவுமாகலாம். ஆனால் தமிழர் மனத்தில் இருப்பது ஒரே தாது. 1876-இல் பெரும் பஞ்சத்தோடு வந்ததே அது. பஞ்சம் வராத தாதுக்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஆகவே 1936-இல் பிறந்து 2011-இல் எழுபத்தைந்து வயதில் இறந்தவர், பேரன் ஓலையைக் கையிலெடுத்த அந்தக் கணத்தில் நூற்று முப்பத்தைந்து வயதில் இறந்தவராகிறார். சக ஆண்டோ கலியாண்டோ ஓலையிலேயே குறித்திருக்குமே எனின், குறித்திருக்கும். கரையான் முதலில் தின்றது அந்த மூலையை.

அற்றேல், கிரகநிலை கொண்டு ஆண்டைக் கண்டுபிடிக்கலாகாதோ எனின், இங்கேதான் வானமும் நம் பக்கம் நிற்கிறது. குரு வானை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டு. சனிக்கு ஏறக்குறைய 30. அறுபது ஆண்டில் குரு ஐந்து சுற்று, சனி இரண்டு சுற்று. இரண்டும் பழைய இடத்துக்கே, அல்லது அதற்கு அடுத்த வீட்டுக்கு, வந்து நின்று தாத்தாவுக்குச் சாதகமாகச் சாட்சி சொல்கின்றன. கெடுப்பது ராகு ஒருவனே. அவன் சுற்றுக்காலம் பதினெட்டரை ஆண்டுக்குச் சற்று மேல். அறுபது அதில் அடங்காது. 1876-இன் ராகுவும் 1936-இன் ராகுவும் ஒரே ராசியில் நிற்கமாட்டார்கள். ஆதலால் கொள்ளுத்தாத்தாவின் வயதை மெய்யாகவே அறிய விரும்புவோர் ராகு கட்டத்தை மட்டும் பார்த்தால் போதும். அறிய விரும்பாதோர் பரிகாரம் செய்துகொள்ளலாம்.

அடுத்தது வருவாய்த்துறைப் பத்திரங்களும் தென்மாவட்டக் கணக்குகளும். இவற்றில் ஆண்டுக்கு எண் உண்டு. எந்த ஆண்டுமுறையின் எண் என்பதுதான் சிக்கல். பசலி ஆண்டு ஆங்கில ஆண்டைவிட 590 குறைவு. கொல்லம் ஆண்டு 825 குறைவு. பசலி 1290 என்று கண்ட பத்திரத்தைக் கையிலெடுத்த பட்டதாரிப் பேரன், ‘எங்கள் முன்னோர் பாண்டியன் குலசேகரன் காலத்திலேயே நிலம் வாங்கினவர்’ என்று எழுதிவிடுகிறார். உண்மையில் வாங்கியது 1880-இல், அதுவும் கடனுக்கு. இதைவிட வளமானது கொல்லம். கொல்லம் 1052-இல் பிறந்த ஒருவர் 1940-இல் இறந்தார் எனக் கொள்வோம். நாம் கழித்துப் பார்த்தால் 63. வம்சாவளி எழுதுபவர் 1940-இலிருந்து நேரே 1052-ஐக் கழிக்கிறார்; விடை 888. விவிலியத்தின் மெத்தூசலா 969 ஆண்டு இருந்தார் என்பர். அவருக்கு இளையவராக நாகர்கோவில் பக்கத்தில் ஒருவர் இருந்திருப்பது தமிழருக்குப் பெருமையே.

மேற்கண்ட 888 என்னும் எண்ணைப் படிப்போர் சும்மா கடந்துபோயிருக்கக்கூடும். அது தவறு. அது 37-ஐ 24-ஆல் பெருக்கி வருவது. இதன் சிறப்பை உணர இறையனார் களவியல் உரைக்குப் போகவேண்டும். தலைச்சங்கம் 4440 ஆண்டு, அரசர் 89 பேர். இடைச்சங்கம் 3700 ஆண்டு, அரசர் 59 பேர். கடைச்சங்கம் 1850 ஆண்டு, அரசர் 49 பேர் என்று அவ்வுரை சொல்லும். 4440 என்பது 37-இன் 120 மடங்கு. 3700 நூறு மடங்கு. 1850 ஐம்பது மடங்கு. மூன்றும் மிச்சமின்றி வகுபடுகின்றன. வகுபடாதது அரசர் கணக்குதான்: தலைச்சங்கத்தில் சராசரி ஆட்சி ஐம்பது ஆண்டு, இடைச்சங்கத்தில் அறுபத்திரண்டரைக்கு மேல், கடைச்சங்கத்தில் முப்பத்தேழே முக்கால். அந்த முக்காலை ஏடெழுதுவோர் பிழை என்று தள்ளிவிட்டால் அங்கேயும் முப்பத்தேழே நிற்கும். சங்கங்கள் இருந்தனவா இல்லையா என்று நூறாண்டுக்கு மேலாகச் சண்டை நடக்கிறது. சண்டையிட்டவர் பலர், உட்கார்ந்து வகுத்துப் பார்த்தவர் சிலர்.

முப்பத்தேழு என்னும் இவ்வெண்ணைத் தமிழ்ப் பெருவயதின் மாறிலி என்று நாம் கொள்கிறோம். கொள்ளுத்தாத்தாக்களில் பெரும்பான்மையோர் 111-ஐ ஒட்டியே இறப்பதாகச் சொல்லப்படுவது இதனால் விளங்கும். 111 முப்பத்தேழின் மூன்று மடங்கு. மேலே கண்ட தாது வருஷத்தவருக்கு 135 ஆயிற்றே எனின், நான்கு மடங்கான 148-க்கு அவர் பதின்மூன்று குறைகிறார். அப்பதின்மூன்றும் ஏடு சிதைந்த இடம். கல்மான் அம்மையாரின் 122-இல் பதினொன்று மிகுதி. அது பிரெஞ்சு இடைச்செருகல். மெத்தூசலாவின் 969-இல் ஏழு மிகுதி. ஓய்வுநாள் உள்ளிட்ட ஒரு வாரத்தைக் குறித்ததாகலாம். குறைந்தால் சிதைவு, கூடினால் இடைச்செருகல், சரியாக வந்தால் சான்று: இம்மூன்று விதியையும் கையில் வைத்துக்கொண்டு நிறுவ முடியாத முடிபு உலகில் இல்லை. இவை நாம் கண்டுபிடித்தவை அல்ல. தொல்காப்பியத்தின் காலத்தைக் கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டு முன்னும் ஐந்து நூற்றாண்டு பின்னுமாக நிறுத்திய பேரறிஞர்கள் இரு தரப்பாரிடமும் இவற்றைக் கற்றோம். தாத்தாவை அறுபது ஆண்டு மட்டும் நகர்த்தும் பேரனை அவர்கள் கண்டிப்பது முறையன்று. வள்ளுவர் பிறந்த ஆண்டு கி.மு. 31 என்று அரசு நாட்காட்டியே ஒப்புக்கொண்ட நாட்டில், தன் கொள்ளுத்தாத்தா பிறந்த ஆண்டு தெரியாது என்று ஒருவன் சொன்னால் அவனுக்குத்தான் இழுக்கு.

வயது ஐந்திலும் பத்திலும் குவிவது மக்கள்தொகைக் கணக்கர்கள் அறிந்த பழைய செய்தி. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

இனி மையப் பொருளுக்கு வருவோம். உயிருள்ளவர்க்கு ஆண்டுக்கு ஒரு வயது கூடும். இறந்தவர்க்குக் கூடாது என்பது மருத்துவர் கொள்கை. வம்சாவளிச் சான்றுகள் இதை மறுக்கின்றன. கொள்ளுத்தாத்தா இறந்த அன்று அவருக்கு எழுபத்தெட்டு என்று மயானத்தில் பேச்சு (காண்க: வெட்டியான் வாய்மொழி). பதினாறாம் நாள் விருந்தில் அது ‘எம்பதுக்கு மேல’ ஆகிறது (காண்க: கருமாதிப் பந்திப் பாடம், இரண்டாம் வரிசை, ரசத்துக்கும் மோருக்கும் இடைப்பட்ட பகுதி). மூத்த பேத்தியின் கல்யாணத்தில் தொண்ணூறு (காண்க: நிச்சயதார்த்த மரபு, சம்பந்தி வீட்டார் எதிர்முகம், ‘எங்க வம்சத்துல எல்லாருக்கும் ஆயுசு கெட்டி’ எனத் தொடங்கும் பத்தி; இதனை வரதட்சிணைப் படலத்தோடு ஒப்பிட்டுக் கற்க). கொள்ளுப்பேரன் காதுகுத்தில் நூறு தாண்டிவிடுகிறது. அதற்கப்பால் மரபு இரண்டாகப் பிரிகிறது: கோவில்பட்டிச் சின்னத்தாத்தா பிரதி ‘நூத்தி நாலு’ என்றும், மதுரை மைத்துனர் பிரதி ‘நூத்திப் பதினாலு’ என்றும் ஓதும். (காண்க: ஒன்றுவிட்ட பெரியப்பா, வெற்றிலைப் பெட்டி உரை, சுண்ணாம்புப் படலம், பாக்குவெட்டி விழுந்த இடத்துக்கு அடுத்த வாக்கியம். மண்டபத்து ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தமையால் கேட்டவர் ‘பதி’ என்னும் ஈரெழுத்தை நழுவவிட்டனர் என்பது மதுரைக் கட்சி. கேளாத ஈரெழுத்தைச் சேர்த்துக்கொண்டனர் என்பது கோவில்பட்டிக் கட்சி. இரு கட்சியாரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. அதற்குக் காரணம் வேறு, ஒரு கிணற்றுப் பங்கு.) ஆக, இறந்தபின் வயது ஏறுவது உறுதி. அது ஆண்டுதோறும் சீராக ஏறுவதில்லை, விசேஷந்தோறும் ஏறுகிறது. சம்பந்தி வீட்டார் முன்னிலையில் வேகம் மிகுகிறது. அவர்கள் வீட்டிலும் ஒரு நூற்றிரண்டு வயதுக்காரர் இருப்பதாகத் தெரியவந்தால் அப்பொழுதே நூற்றைந்தைத் தொட்டுவிடுகிறது.

அற்றேல், கற்றோர் நடுவே இது செல்லாது எனின், செல்லும். இங்கிலாந்தில் தாமஸ் பார் என்றொரு குடியானவர் இருந்தார். 1635-இல் அருண்டெல் பிரபு அவரை ஊரிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவந்து முதலாம் சார்லஸ் அரசன் முன் நிறுத்தினார். வயது 152 என்றார்கள். சில வாரங்களில் கிழவர் இறந்துபோனார். உடலை அறுத்துப் பார்த்தவர் சாமானியர் அல்லர். இரத்த ஓட்டத்தைக் கண்டு உலகுக்குச் சொன்ன வில்லியம் ஹார்வி. அவர் இதயத்தைப் பார்த்தார், நுரையீரலைப் பார்த்தார், குடலைப் பார்த்தார். லண்டன் காற்றும் பழகாத விருந்துச் சாப்பாடும் கொன்றுவிட்டன என்று முடிவுகட்டினார். 152 என்பதற்கு என்ன ஆதாரம் என்று மட்டும் கேட்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் பத்து அரசர் காலம் கண்டவர் என்ற கல்லோடு பார் இன்றும் கிடக்கிறார். கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டவர் இருநூறு ஆண்டுக்கு மேல் கழித்து வந்த வில்லியம் தாம்ஸ்: 1873-இல் நூறு வயதுக்காரர்களைப் பற்றி ஒரு நூலெழுதி வரிசையாக அவர்களை எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் இறக்கினார். நாட்டார் வழக்காறு என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லை 1846-இல் ஆக்கியவரும் இவரே. அதனால்தான் அவருக்குத் தெரிந்தது, ஹார்விக்குத் தெரியவில்லை.

‘அந்தக் காலத்துச் சாப்பாடு அப்படி’ என்பது அடுத்த மறுப்பு. கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, செக்கு நல்லெண்ணெய், பழைய சோறு. இதை ‘நீராகாரக் கொள்கை’ என்போம். இதே கொள்கை உலகெங்கும் உலவி அடிபட்டிருக்கிறது. ஈக்வடாரின் வில்கபம்பா பள்ளத்தாக்கில் நூறு தாண்டியவர்கள் நிறைய இருப்பதாக 1970-களின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் லீஃப் என்ற அமெரிக்க மருத்துவர் எழுத, ஆராய்ச்சியாளர் திரண்டனர். சில ஆண்டு கழித்து லீஃபே மறுபடி போனபோது, முன்பு பார்த்த கிழவர் ஒருவர் அந்த இடைவெளியைவிட மிகக் கூடுதலாக, பத்து வயதுக்கு மேல் மூத்திருந்தார். பின்னர் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்த்தால், தந்தை, சிற்றப்பன், இறந்துபோன அண்ணன் என்று ஒரே பெயரில் பலர். காகசஸ் மலையிலும் அதே கதை. அங்கே ஒருவர் 168 வயதில் 1973-இல் இறந்தார் என்று சோவியத்துகள் கொண்டாடினர். படைக்கு ஆள்பிடித்த காலத்தில் தப்பிக்கத் தந்தையின் தாள்களைத் தமதாக்கிக்கொண்டவர்கள் அங்கே இருந்தனர் என்றும், ஸ்டாலின் அந்தப் பக்கத்துக்காரர் என்பதால் அந்த வயதுகளைக் கேள்வி கேட்க ஆளில்லை என்றும் ஜோரெஸ் மெத்வெதேவ் 1974-இல் எழுதினார். அப்படியும் 1977-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜார்ஜியக் கிழவர்களை வைத்துத் தயிர் விற்றார்கள். தயிரால் ஆயுள் கூடுமானால் தஞ்சாவூர் ஜில்லாவில் இன்றைக்கு இடமே இருந்திராது. கம்பங்கூழ் குடித்தே தாது வருஷத்தில் லட்சக்கணக்கானோர் இறந்தனர், அதுவும் கிடைக்காதபோது.

இதனினும் வலிய மறுப்பொன்று உண்டு. தமிழர் வயதைக் கூட்டுவோர் அல்லர், குறைப்போர். பள்ளியில் சேர்க்கும்போதே ஒன்றிரண்டு குறைத்தவர்கள் தாத்தாவுக்கு மட்டும் கூட்டுவார்களா என்பது. வலக்கை தலையைச் சுற்றி இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது என்று கொண்டு, தலைமையாசிரியர் மனத்தில் தோன்றிய ஒரு ஜூன் மாதத் தேதியைப் பிறந்தநாளாக எழுதிய காலம் மெய்யே. அதன்பின் அரசு வேலை, ஓய்வு 58-இல், குறைத்த ஒவ்வோர் ஆண்டும் ஓராண்டுச் சம்பளம். தமிழக அரசு இவ்வயதை 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் உயர்த்தியது. ஆனால் மறுப்போர் மீதியைப் படிக்கவில்லை. முதியோர் உதவித்தொகை பெற அறுபது நிரம்பவேண்டும். மத்திய அரசு ஓய்வூதியருக்கோ 80 வயதில் அடிப்படை ஓய்வூதியம் 20 விழுக்காடு கூடும், 90-இல் 40, 100 நிரம்பினால் நூறு விழுக்காடு, அதாவது இரட்டிப்பு. ஆகவே வயது, சம்பளம் வரும்வரை இறங்குமுகம். சம்பளம் நின்றபின் ஏறுமுகம். இறந்தபின் தடையற்ற ஏறுமுகம். மறுப்பு நம் கொள்கையையே வலியுறுத்துவதாயிற்று.

ஆவணம் இல்லாவிடத்து வயது பெருகுவது போல, ஆவணம் தூங்குமிடத்தும் பெருகும். ஜப்பானியர் குடும்பப் பதிவேட்டை ஒழுங்காக வைப்பவர்கள் என்று பெயர். 2010-இல் அவர்கள் அதைச் சரிபார்த்தபோது, நூறு வயது தாண்டியும் இருப்பிடம் தெரியாதவர் 2,34,354 பேர். அவருள் 884 பேர் 150-ஐத் தாண்டியவர். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புப் பதிவுகளில் 112-க்கு மேற்பட்டும் இறப்புக் குறிப்பில்லாதவர் சுமார் 65 லட்சம் என்று 2015-இல் அதன் தணிக்கையாளர் அறிவித்தார். உலகம் முழுவதிலும் அவ்வயதில் மெய்யாக இருப்பவர் சில பத்துப் பேர். நம்மூரில் இதற்கு ஈடு பட்டா. கூட்டுப் பட்டாவில் முதல் பெயர் யாருடையது என்று பார்த்தால் பெரும்பாலும் கொள்ளுத்தாத்தா. மூன்று தலைமுறை உழுது, விற்று, அடித்துக்கொண்டு, வழக்கு நடத்தியும் வருவாய்த்துறையைப் பொறுத்தவரை நிலம் அவருடையது. பெயர் மாற்றம் செய்வோர் அருகுவதால் அவர் மேலும் நெடுங்காலம் இருப்பார். சால் நியூமன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மாநிலங்களில் பிறப்புச் சான்றிதழ் முறை வந்தபின் 110 வயது தாண்டியோர் எண்ணிக்கை 69 முதல் 82 விழுக்காடு வீழ்ந்ததாகக் காட்டி, 2024-இல் நகைப்புக்கென்றே வழங்கும் இக் நோபல் பரிசைப் பெற்றார். சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-இலேயே உண்டு. நாடு முழுமைக்குமான சட்டம் 1969-இல் வந்தது. அந்தச் சான்றிதழ்கள் நம் கொள்ளுத்தாத்தாக்களுக்குச் செய்யப்போகும் தீங்கை இனி வரும் தலைமுறைகளே காணும்.

பெயரை ஒட்டவைப்பது பற்றிச் சிறிது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். பத்திரத்தில் ஒரு சுப்பையா 1850-இல் நிலம் வாங்குகிறார். ஒரு சுப்பையா 1940-இல் அதை அடமானம் வைக்கிறார். இருவரையும் ஒருவராக்கினால் தீர்ந்தது. இம்முறையின் தலைசிறந்த பயனாளி ஔவையார். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையும் சோழர் காலத்தில் குழந்தைகளுக்கு நீதி சொன்ன ஔவையும் மக்களுக்கு ஒருவரே. நெல்லிக்கனி எதற்கு, பின்னே? ஆராய்ச்சியாளர் அவரை இருவராக, மூவராக, அதற்கும் மேலாக வெட்டிப் பங்கிட்டனர். திருமூலரை ஒருவரும் வெட்டவில்லை: மூவாயிரம் ஆண்டு இருந்து ஆண்டுக்கு ஒரு பாட்டாக மூவாயிரம் பாடினார் என்பது மரபு. இன்றைய பல்கலைக்கழக விதிப்படி ஆண்டுக்கு ஒரு பாட்டு என்பது பதவி உயர்வுக்குப் போதாது. ஆனால் அந்த மூவாயிரமும் இன்றுவரை படிக்கப்படுகின்றன.

கொள்ளுப்பாட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லையே எனின், வம்சாவளி எழுதியோரும் கேட்கவில்லை. வயது உறுதிப்பட்ட ஆடவருள் மூத்தவர் ஜப்பானின் ஜிரோயெமோன் கிமுரா. 116 வயதில் 2013-இல் இறந்தார். உலகின் நெடுவயதுப் பட்டியலில் அவருக்கு மேலும் கீழும் ஏறக்குறைய எல்லாரும் பெண்கள். நம் குடும்பங்களிலும் பன்னிரண்டு வயதில் வாழ்க்கைப்பட்டு, கணவன் போன பிறகும் நாற்பது ஆண்டு அடுப்படியில் இருந்த கிழவிகள் நிறையப் பேர். மெய்யாகவே தொண்ணூறு தாண்டியவர் எவரேனும் உண்டென்றால் அவர்களாகத்தான் இருக்கவேண்டும். வம்சாவளிக் கட்டத்தில் அவர்கள் இருக்குமிடத்தில் ‘மனைவி’ என்று எழுதியிருக்கும். பெயர் இல்லாதவர்க்கு வயது ஏற வழியில்லை.

கடைசி மறுப்பு புள்ளியியலார் உடையது. 1911 முதல் 1921 வரையான பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு ஏறக்குறைய 20 என்பது கணக்கு. அப்படியிருக்க நூற்றுப்பத்து எங்கிருந்து வந்தது என்பர். குழந்தைச் சாவுகள் மிகுந்ததால்தான் சராசரி அவ்வளவு தாழ்ந்தது. முன்னோர் என்பவர் பிள்ளை பெறும் வரையாவது இருந்திருக்கவேண்டும் என்று விடை கூறலாம். சரிதான். முன்னோர் எவரும் குழந்தையாக இறந்ததில்லை என்பது இத்துறையில் அனைவரும் ஒப்பும் ஒரே முடிபு. ஆனால் 1918-இன் விஷக்காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டவரைக் கொண்டுபோனபோது மிகுதியும் பிடித்தது இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டவரை, பிள்ளை குட்டிக்காரர்களை. காலராவும் வயது பார்க்கவில்லை. அவர்களுக்கும் பேரன்மார் உண்டு. அவர்களும் நம்மிடையேதான் இருக்கவேண்டும். இதுவரை கிடைத்த வம்சாவளி எதிலும் அப்படியொரு கொள்ளுத்தாத்தா தென்படவில்லை. எனவே, நாற்பத்து மூன்று வயதில், பாதிப் பல் போய், கடனோடு, காய்ச்சல் கண்டு இறந்த கொள்ளுத்தாத்தா யாருக்கேனும் இருந்தால், ஆய்வின் நலன் கருதித் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம். தகவல் தருவோர் பெயர் வெளியிடப்படாது. சம்பந்தி வீட்டாருக்கும் சொல்லப்படாது.